104.5 பாகை: மலைநாட்டின் பேரழகு

மலைநாட்டுக்கு வருகிறவர்கள் எதையெதையோ பார்த்து வாயைப் பிளக்கிறார்கள். டெவோன் நீர்வீழ்ச்சி, சென் கிளேயர் நீர்வீழ்ச்சி, நானுஓயா ரயில், சிவனொளிபாதமலை உச்சியில் விடியல். எல்லாம் அழகுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த மலைகளிலேயே ஆக அழகானது எது என்று என்னைக் கேட்டால், ஒரு கோணம் என்பேன். 104.5 பாகை. ஓர் ஒட்சிசன் அணுவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இரண்டு ஐதரசன் அணுக்களுக்கு இடையிலுள்ள கோணம். அந்த இடத்தில் வளையாமல் நேராக நின்றிருந்தால் நீர் நீராக இருந்திருக்காது. நீர்வீழ்ச்சி ஏது, கொழுந்து ஏது, பிளேன்டீ ஏது?

ஹட்டனில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. எல்லா அலகும் எனக்கு ஒன்றுதான் என்று பொய் சொல்லமாட்டேன். மூலக்கூறுகளின் வடிவமும் முனைவுத்தன்மையும் வருகிற வாரம் எனக்குத் திருவிழா. வீட்டில் சோறு போடுகிறவர்களுக்கும் அது தெரிந்துவிடும். சாப்பிட உட்கார்ந்தாலும் அதே பேச்சு. அந்த வாரத்தில் தவறாமல் ஒரு கேள்வி வரும். மஸ்கெலியாவிலிருந்தோ பொகவந்தலாவையிலிருந்தோ பஸ் ஏறி வருகிற ஏதாவது ஒரு பிள்ளை எழுந்து நிற்கும்.

"சேர், காபனீரொட்சைட்டுல ரெண்டு பிணைப்பும் முனைவுள்ளதுதானே? அப்பறம் எப்புடி சேர் முழு மூலக்கூறும் முனைவில்லாததா போச்சு?"

இந்தக் கேள்வியைக் கேட்கிற பிள்ளைக்குப் பாடத்தில் பாதி விளங்கிவிட்டது என்று அர்த்தம். மீதிப் பாதி இருக்கிறதே, அதுதான் ருசி.

முதலில் பிணைப்பு. இரண்டு அணுக்கள் இலத்திரன் சோடியொன்றைப் பங்கிட்டுக்கொள்கின்றன. பங்கு சமமாக இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எந்த அணு எவ்வளவு பலமாகத் தன் பக்கம் இழுக்கும் என்பதற்கு 1932இல் லைனஸ் போலிங் ஓர் அளவுகோல் போட்டுக்கொடுத்தார். அந்த மின்னெதிர்த்தன்மைப் பட்டியலில் ஐதரசனுக்கு 2.20, காபனுக்கு 2.55, நைதரசனுக்கு 3.04, ஒட்சிசனுக்கு 3.44, எல்லோரையும் மிஞ்சி புளோரினுக்கு 3.98. இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் கூடக்கூட, இலத்திரன் ஒரு பக்கம் சாயும். சாய்ந்த பக்கம் கொஞ்சம் எதிர் ஏற்றம். விட்டுக்கொடுத்த பக்கம் கொஞ்சம் நேர் ஏற்றம். அந்தப் பிணைப்பு முனைவுள்ள பிணைப்பு. காபனுக்கும் ஐதரசனுக்கும் வித்தியாசம் வெறும் 0.35, அதைப் பெரிதுபடுத்தத் தேவையில்லை. ஒட்சிசனுக்கும் ஐதரசனுக்கும் 1.24, அது விளையாட்டல்ல.

இனி வடிவம். சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுப் போட்டியில் கயிறிழுத்தல் பார்த்திருப்பீர்கள். சம பலமுள்ள இரண்டு அணிகள் நேரெதிராக இழுத்தால், நடுவில் கட்டிய துணி அசையாது. இழுவை இல்லை என்றா அர்த்தம்? இரண்டு பக்கமும் நரம்பு புடைக்க இழுக்கிறார்கள். கூட்டிப் பார்த்தால் பூச்சியம். அதே இரண்டு அணிகளும் ஒருவரையொருவர் பார்க்காமல் கோணலாக நின்று இழுத்தால், துணி இருவருக்கும் நடுவான திசையில் போய்த்தான் ஆகும். காபனீரொட்சைட்டு நேர்கோட்டு வடிவம், இரண்டு ஒட்சிசனும் 180 பாகையில் எதிரெதிரே நின்று இழுக்கின்றன, விடை பூச்சியம். நீர் கோணவடிவம், விடை பூச்சியமல்ல.

ஏன் கோணம்? நீரில் ஒட்சிசனைச் சுற்றி நான்கு இலத்திரன் சோடிகள். இரண்டு பிணைப்பில் இருக்கின்றன, இரண்டு தனிச்சோடிகள். சோடிகள் ஒன்றையொன்று தள்ளும். முடிந்தவரை விலகி நிற்கப் பார்க்கும் என்று 1940இல் சிட்விக்கும் பவலும் சொன்னார்கள். 1957இல் கில்லெஸ்பியும் நைஹோமும் அதைத் தீட்டிக் கூராக்கினார்கள். நான்கு சோடிகள் என்றால் நான்முகி, கோணம் 109.5 பாகை. ஆனால் தனிச்சோடிகள் பிணைப்புச் சோடிகளைவிட அதிக இடம் பிடிப்பவை. அவை தள்ளுகிற தள்ளில் ஐதரசன்கள் இரண்டும் ஒடுங்கி 104.5 பாகைக்கு வந்துவிடுகின்றன. காபனீரொட்சைட்டின் நடுக் காபனில் தனிச்சோடியே கிடையாது. தள்ள ஆளில்லை, ஆகவே நேர்கோடு.

கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மயிர்க்கூச்செறியும். ஓர் ஒட்சிசன்–ஐதரசன் பிணைப்பின் இழுவைக்கு அளவு இருமுனைவுத் திருப்புத்திறன்; அது ஏறத்தாழ 1.5 டிபாய். (இதையெல்லாம் அளந்து காட்டி 1936இல் நோபல் பரிசு வாங்கிய பீற்றர் டிபாயின் பெயர்தான் அலகுக்கும்.) இரண்டும் ஒரே திசையில் இழுத்தால் 3. நேரெதிராக இழுத்தால் 0. 104.5 பாகையில் காவிக்கூட்டல் போட்டால் ஏறத்தாழ 1.84. ஆய்வுகூடத்தில் நீருக்கு அளந்தாலும் கிட்டத்தட்ட அதே, 1.85! கோணத்திலிருந்து குணத்துக்கு ஒரே எட்டில் போய்விடுகிறோம்.

வடிவம் மட்டும் போதுமா என்றால் போதாது. ஐதரசன் சல்பைட்டைப் பாருங்கள், அழுகின முட்டை நாற்றம் தருகிற அந்த வாயு. அதுவும் கோணவடிவம்தான், நீரைவிட இன்னும் ஒடுங்கிய கோணம், 92 பாகை. கோணம் ஒடுங்கினால் கூட்டல் விடை கூடவேண்டும்; ஆனால் இங்கே 0.97 டிபாய்தான். காரணம் பிணைப்பு. கந்தகத்தின் மின்னெதிர்த்தன்மை 2.58, ஐதரசனோடு வித்தியாசம் 0.38 மட்டும். இழுக்க ஆளிருக்கிறது, பலமில்லை. நீரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பாரமான மூலக்கூறு, ஆனால் உறைநிலைக்குக் கீழ் 60 பாகையிலேயே கொதித்துப் பறந்துவிடுகிறது. நீரோ, ஒரு மூலக்கூறின் நேர் ஏற்ற ஐதரசன் அடுத்ததன் எதிர் ஏற்ற ஒட்சிசனை இழுக்கும் ஐதரசன் பிணைப்புகளால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, அறை வெப்பநிலையில் நிம்மதியாகத் திரவமாக இருக்கிறது. வடிவமும் வேண்டும், பிணைப்பும் வேண்டும். ஒன்று இருந்து மற்றது இல்லையென்றால் காரியம் ஆகாது.

இவ்வளவும் எந்த நாட்டுப் பாடப்புத்தகத்திலும் கிடைக்கும். ஆனால் தேயிலை மலையில் இருந்துகொண்டு இதைப் படிக்கிற பாக்கியம் எல்லோருக்கும் கிடைக்காது. இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் பாடம்.

தொழிற்சாலை மேல்மாடியில் கொழுந்து வாட்டுகிற இடத்துக்குப் போய் நில்லுங்கள். நீளத் தொட்டிகளில் கம்பி வலைமேல் பச்சைக் கொழுந்து பரப்பியிருக்கும்; அடியிலிருந்து விசிறி காற்றடிக்கும்; அந்தப் பச்சை மணம் சட்டையில் ஏறினால் வீடு வரைக்கும் கூடவே வரும். பறித்த கொழுந்தின் நிறையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அந்தத் தண்ணீரில் ஒரு பகுதியை வெளியேற்றவே ஒரு முழு இரவு ஆகிறது. ஏன் இத்தனை நேரம்? ஒவ்வொரு நீர் மூலக்கூறும் பக்கத்திலிருப்பதை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,300 கிலோயூல் வேண்டும். ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோவுக்குக் குறையாத கொழுந்து. அப்படியென்றால் மூன்றரைக் கிலோ தண்ணீரை விரட்டவேண்டும். அந்தச் செலவில் ஒரு பங்கைக் காற்று கட்டுகிறது, மிச்சத்தை விறகு கட்டுகிறது. தொழிற்சாலை வாசலில் அடுக்கியிருக்கும் விறகுக் குவியல் எதற்கு என்று யாராவது கேட்டால், ஐதரசன் பிணைப்பை உடைக்க என்று நான் சொல்வேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும், உண்மை அதுதான்.

அடுத்து, பச்சை இலையைக் கொதிநீரில் போட்டால் பச்சைச் சாயம் இறங்குகிறதா? இல்லை. கறுப்புத் தேயிலை பதனிடலிலேயே பச்சையை இழந்துவிடுகிறது, அதை விடுங்கள். பச்சைத் தேயிலையிலும் கோப்பையில் இறங்குவது வெளிறிய மஞ்சள்தானே? இலையில் அத்தனை பச்சை இருந்தும் தண்ணீருக்கு ஒரு துளி கொடுப்பதில்லை. இது எனக்கு மிகப் பிடித்த செய்முறை. எந்தப் பிள்ளையும் வீட்டிலேயே செய்யலாம், அடுப்பும் விளக்கும் பக்கத்தில் இல்லாமல். புதுக் கொழுந்து நாலைந்தை அம்மியில் நசுக்கிப் பாதியைத் தண்ணீரிலும் பாதியைச் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டிலும் ஊறவைத்து வடிகட்டுங்கள். தண்ணீர் மங்கிய மஞ்சளாக வந்து, பார்த்துக்கொண்டிருக்கவே பழுப்பாகும். ஸ்பிரிட்டோ மரகதப் பச்சை! அந்தப் பச்சைக்குக் கொஞ்சம் தண்ணீரும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் சேர்த்துக் குலுக்கி வைத்தால், மேலே மிதக்கும் மண்ணெண்ணெய்க்குப் பச்சை ஏறிவிடும். கீழே மஞ்சள் நிற்கும். போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கவேண்டும், அந்த எல்லைக்கோட்டை!

காரணம் பச்சையத்தின் வால். அதன் தலையில் மகனீசியத்தைச் சுற்றிய வளையம் இருந்தாலும், பின்னால் 20 காபன் நீளத்துக்கு ஒரு சங்கிலி தொங்குகிறது. அத்தனையும் காபன்–ஐதரசன் பிணைப்புகள், அந்த 0.35 வித்தியாசப் பிணைப்புகள். தண்ணீருக்குப் பற்றிக்கொள்ள அதில் ஒன்றுமேயில்லை. மண்ணெண்ணெயும் முழுக்க அதே சாதிப் பிணைப்பு. அங்கே பச்சையத்துக்கு உறவு கிடைத்துவிடுகிறது. கொழுந்து பறிக்கும் அம்மாக்களின் உடுப்பில் படிந்த பச்சைக் கறை வெறும் தண்ணீருக்கு மசியாததும் இதனால்தான்.

தண்ணீர் எதைத் தேடி எடுக்கிறது? உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு பிளேன்டீ குடிக்கிற நம் பழக்கத்தையே எடுங்கள். சீனி மூலக்கூறில் திரும்பிய பக்கமெல்லாம், நீரிலிருக்கும் அதே ஒட்சிசன்–ஐதரசன் பிணைப்புள்ள ஐதரொட்சில் கூட்டங்கள், எட்டு இருக்கின்றன. நாக்கிலேயே கரைந்து போகாமல் என்ன செய்யும்? தேயிலையின் துவர்ப்புக்குக் காரணமான பொலிபீனோல்களிலும் ஐதரொட்சில்களுக்குக் குறைவில்லை. அவையும் இறங்கி வருகின்றன. நாக்கில் உமிழ்நீரின் புரதங்களோடு ஐதரசன் பிணைப்புப் போட்டு இழுத்துப் பிடிக்கின்றன; அந்தப் பிடிதான் துவர்ப்பு.

கபீன் கதை இன்னும் சுவை. தட்டையான இரட்டை வளையம், இரண்டு காபனைல் கூட்டங்கள், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மூன்று மீதைல் கூட்டங்கள். முனைவு நிறைய உண்டு. ஆனால் தட்டையான வடிவமாதலால் குளிர்ந்த நீரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கப் பார்க்கும். 25 பாகையில் 100 மில்லிலீற்றர் தண்ணீரில் 2 கிராம் கரைவதே பெரிய காரியம். கொதிநீரில் 66 கிராம்! சூடு அந்த அடுக்கைக் கலைத்துவிடுகிறது. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். இருந்தும் கபீன் தாராளமாக இறங்குகிறது. தேத்தண்ணி அங்கேயும் தூக்கத்தைக் கலைக்கத்தான் செய்கிறது.

அதே கோப்பையைக் கடும் சாயமாக ஊற்றி, மறந்துபோய் ஜன்னலோரத்தில் ஆறவிடுங்கள். சிவந்து தெளிந்திருந்த சாயம் மெல்ல மெல்லக் கலங்கி, பால் ஊற்றாமலே மங்கலாகும். கெட்டுப்போகவில்லை! கபீனும் பொலிபீனோல்களும் சூடு இறங்க இறங்க ஒன்றோடொன்று கைகோத்துத் தண்ணீரை விட்டுப் பிரிகின்றன. திரும்பச் சூடாக்கினால் மறுபடி தெளியும். டீ டேஸ்டர்கள் இதைக் கிரீமிங் டவுன் என்பார்கள். சாயத்தில் சரக்கு இருக்கிறது என்பதற்கு அடையாளமாக மதிப்பார்கள். நான் இதைப் பார்ப்பதற்காகவே தேத்தண்ணியை ஆறவிடுகிறவன். வீட்டில் திட்டு வாங்குகிறேன், பரவாயில்லை.

வாசனைக்கு வருவோம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை வறட்சிக் காற்று வீசும் திம்புள்ளைப் பக்கத்துத் தேயிலைக்கும், ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்கும் தனி மணம் உண்டு. மணத்தில் ஒரு முக்கிய பங்கு லினலூல் என்ற மூலக்கூறுக்கு. 10 காபன், ஒரேயொரு ஐதரொட்சில். தண்ணீர் அதைப் பிடித்து வைக்கப் போதிய பிடிப்பில்லை. ஆவியோடு மூக்குக்கு ஏறிவிடுகிறது. நாக்குக்குப் போவது எது, மூக்குக்குப் போவது எது என்று கோப்பைக்குள் பங்கு பிரிக்கிற வேலையில் முனைவுத்தன்மைக்குப் பெரிய கை.

ஊவாவின் பேர்போன மணத்துக்குள் மீதைல் சலிசிலேற்று இருக்கிறது. வலிக்குப் பூசும் தைலத்தின் மணமும் அதுதான். இதில்தான் வடிவத்தின் மாயம் உச்சத்துக்குப் போகிறது. இந்த மூலக்கூறில் ஐதரொட்சில் கூட்டமும் எசுத்தர்க் கூட்டமும் பென்சீன் வளையத்தில் பக்கத்துப் பக்கத்து இடங்களில் இருக்கின்றன. ஐதரசன் பிணைப்பை வெளியாருக்குக் கொடுக்காமல் தமக்குள்ளேயே போட்டுக்கொள்கின்றன. ஆகவே அது சுலபமாக ஆவியாகும் எண்ணெய். அதே அணுக்கள், அதே கூட்டங்கள், ஐதரொட்சிலை மட்டும் வளையத்தின் எதிர் முனைக்கு மாற்றுங்கள். இப்போது தனக்குள் கைகோக்க முடியாது. அக்கம்பக்கத்து மூலக்கூறுகளோடுதான் முடியும். விளைவு, 125 பாகைக்கு மேல் சூடாக்கினால்தான் உருகும் வெள்ளைத் திண்மம். முகப்பூச்சுகள் கெடாமலிருக்கச் சேர்க்கும் மீதைல்பரபென். ஒன்று மலைக்காற்றில் மணக்கிறது, மற்றது கிறீம் டப்பாவுக்குள் மணமின்றிக் கிடக்கிறது. ஓர் இடமாற்றம்தான் வித்தியாசம்!

கபீன் நீக்கிய தேயிலை எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டால் மறுபடி நம் பழைய நண்பர் காபனீரொட்சைட்டு வருகிறார். 31 பாகைக்கு மேல், வளியமுக்கத்தைப்போல் 73 மடங்குக்கு மேல் அழுத்தினால் அது வாயுவுமல்ல திரவமுமல்ல என்ற நிலைக்குப் போகும். அந்த நிலையில் அதைக் கரைப்பானாக்கிக் கபீனைப் பிரிக்கும் வழியை 1960களில் ஜெர்மனியின் முல்ஹைம் நகரில் குர்ட் சோசெல் கண்டார். திருப்புத்திறன் பூச்சியமான வாயு முனைவுள்ள கபீனை எப்படிக் கரைக்கும்? கயிறிழுத்தலை நினையுங்கள்: துணி அசையாவிட்டாலும் இழுக்கிறவர்கள் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நடுக் காபன் நேர் ஏற்றம், இரு முனை ஒட்சிசன்களும் எதிர் ஏற்றம். கிட்ட வருகிற மூலக்கூறுக்கு அது தெரியும். அத்தோடு இலையை முதலில் ஈரப்படுத்தவேண்டும். உலர்ந்த இலையிலிருந்து கபீன் சரியாக வராது. அங்கேயும் நம் 104.5 பாகைதான் உதவிக்கு வருகிறது.

அதே காபனீரொட்சைட்டு இன்னொரு வித்தையும் காட்டும். அது நேராக நிற்கிறது என்று சொன்னேன். ஆடாமல் நிற்கிறது என்று சொல்லவில்லை. அதிரும்போது இரு பக்கமும் வளையும். வளைகிற கணத்தில் சமநிலை குலைந்து திருப்புத்திறன் பிறக்கும். அப்போதுதான் பூமியிலிருந்து கிளம்பும் செந்நிறக்கீழ்க் கதிரைப் பிடித்துவைக்க அதற்கு முடிகிறது. வளியில் 99 சதவீதமாக இருக்கும் நைதரசனுக்கும் ஒட்சிசனுக்கும் அந்த வித்தை தெரியாது. இரண்டே ஒரேவகை அணுக்கள், எப்படி அதிர்ந்தாலும் பூச்சியம். 0.04 சதவீத வாயு உலகையே சூடேற்றுகிற இரகசியம் இந்த வளைவில் இருக்கிறது. மழை தப்பிப் பெய்து கொழுந்து குறையும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது தூரத்துச் செய்தியல்ல.

உரத்திலும் இதே முனைவுச் சங்கதிதான். யூரியாவின் திருப்புத்திறன் 4.5 டிபாய்க்கு மேல். 100 கிராம் தண்ணீரில் 100 கிராமுக்கு மேல் கரைந்துவிடும். வேருக்குச் சட்டென்று போய்ச் சேருவதும் இந்தக் குணத்தால், தென்மேல் பருவமழை கொட்டும்போது சரிவில் வழிந்து ஆற்றுக்குப் போவதும் இதே குணத்தால்.

தலவாக்கலை செயின்ட் கூம்ஸ் தோட்டத்தில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1925இல் தொடங்கப்பட்ட நிறுவனம். கொழுந்து பறித்த வீட்டுப் பிள்ளைகள் வெள்ளை மேலங்கி போட்டுக்கொண்டு அந்த மாதிரி ஆய்வுகூடங்களுக்குள் போகவேண்டும் என்பது என் ஆசை. அதற்குத் தேவையான முதல் பாடம் அவர்கள் வீட்டு அடுப்படியிலேயே ஆவி பறந்துகொண்டிருக்கிறது.

பாடம் முடிகிற நாளில் நான் வைக்கும் கடைசிக் கணக்கு இது. இரண்டு காபன், அவற்றுக்கிடையே இரட்டைப் பிணைப்பு, ஒவ்வொரு காபனிலும் ஒரு குளோரின், ஓர் ஐதரசன். குளோரின்கள் இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் திருப்புத்திறன் 1.9 டிபாய். எதிரெதிர்ப் பக்கம் இருந்தால் சுத்தப் பூச்சியம். அணுக்கள் அதே, பிணைப்புகள் அதே. வகுப்பில் ஒரு நிமிடம் பேனாச் சத்தம்கூட இருக்காது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"சேர், அப்ப சூத்திரத்த மட்டும் பாத்துட்டு முனைவு இருக்கா இல்லையான்னு சொல்லவே ஏலாது. படத்த வரைஞ்சு பாத்துட்டுத்தான் சொல்லணும்."

"அதேதான்டா! முதல்ல வரை, அப்பறம் வாயைத் திற."